கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்

எங்க ஊர்ல எவ்வளவு ஆழம் தோண்டினாலும் டைனோசர் கிடைக்காது. வேதகிரி மலையடிவாரத்துல வளர்ந்தவன்ங்கற முறையில கொஞ்சம் வருத்தத்தோடதான் இதைச் சொல்றேன். பல்லாவரத்துல ஆரம்பிச்சு செங்கல்பட்டுப் பக்கம் வரைக்கும் குன்றுகள்ல நாம பார்க்கிற சார்னோக்கைட் வகைப் பாறைக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். எலும்பு, பல் எல்லாம் உலகத்துக்கு வந்தே ஏறக்குறைய 50 கோடி வருஷம்தான் ஆகிறது. ஆக, திருக்கழுக்குன்றத்துப் பாறை, கடிக்கிறதுக்கு யாருமே பிறக்காத காலத்துப் பாறை. பல்லவர் காலத்து உளிதான் அதைக் கடிச்ச முதல் பல்லுன்னு சொல்லலாம் :-)

ஆனா செங்கல்பட்டுல ரயில் ஏறி, விழுப்புரம், விருத்தாசலம் தாண்டி கார்டு லைன்ல ஒரு 200 கிலோமீட்டர் போனா கதையே வேற. அரியலூர். ஒரு காலத்துல கடல் உள்ளே வந்து வந்து போன பூமி. அங்கே கிடைச்ச சில பல்லுகளைப் பத்தியும், கிடைக்காமப் போன சில பல்லுகளைப் பத்தியும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல முதலை

புதைபடிவத்துக்குப் போறதுக்கு முன்னாடி, உயிரோட இருக்கிற ஒரு சாட்சியை விசாரிச்சுடலாம். மாமல்லபுரத்துல இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே வந்தா வடநெம்மேலியில முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகரும் ஸாய் விட்டேகரும் 1976இல் ஆரம்பிச்சது. செங்கல்பட்டு வட்டாரத்துல பள்ளிக்கூடம் படிச்சவங்கள்ல அங்கே சுற்றுலா போகாதவங்க குறைவு. அடுத்த தடவை போனா முதலையோட வாயை மட்டும் கவனமா பாருங்க. பல்வரிசை ஒழுங்காவே இருக்காது. ஒண்ணு நீளமா, பக்கத்துல ஒண்ணு குட்டையா, நடுவுல ஒரு ஓட்டை. சண்டையில உடைஞ்சு போச்சுன்னு நினைக்கத் தோணும். அது மட்டும் காரணமில்லை.

முதலைக்கு வாயில அறுபதுக்கும் மேல பல் இருக்கு. ஒவ்வொரு பல்லும் தாடையெலும்பில் தனித்தனிக் குழிக்குள்ள உட்கார்ந்திருக்கும், நம்ம பல் மாதிரியே. வித்தியாசம் என்னன்னா, ஒவ்வொரு குழியிலும் மூணு தலைமுறை இருக்கு. மேலே வேலை செய்யற பல். அதுக்கு அடியில, உள்பக்கமா, பாதி வளர்ந்த அடுத்த பல். அதுக்கும் பக்கத்துல, இனிமே வரப்போற பல்லுக்கான திசு ஒரு மெல்லிய பட்டையா காத்துக்கிட்டிருக்கும். புதுப் பல் வளர வளர பழைய பல்லின் வேர் கரைக்கப்படுது. பழைய பல் உள்ளே பொந்தா இருக்கறதால புதுசு அந்தப் பொந்துக்குள்ளேயே ஏறி வளரும். கடைசியில வேர் இல்லாத வெறும் தொப்பி மாதிரி பழைய பல் நிற்கும். ஏதாவது எலும்பைக் கடிக்கும்போது அது கழண்டு விழுந்துடும். கீழே புதுசு ரெடி.

ஒரு குழியில வாழ்நாள் முழுக்க நாற்பது ஐம்பது தடவை கூட இப்படி நடக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. அறுபது குழி, நாற்பத்தஞ்சு தடவைன்னு வச்சாலே 2700 பல். வயசாக ஆக வேகம் குறையும், ரொம்பக் கிழடான முதலைக்குப் பொக்கை வாய் கூட வரும். ஆனாலும் நம்ம 32ஐ நினைச்சா கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு. போன வருஷம் ரூட் கெனால் பண்ணிக்கிட்டவன் சொல்றேன்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வரிசைதான். எல்லாப் பல்லும் ஒரே நேரத்துல விழுந்தா முதலை பட்டினிதான். அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு மாறுது. ஒற்றைப்படைப் பல்லெல்லாம் வேலையில இருக்கும்போது இரட்டைப்படைப் பல்லெல்லாம் தயாராகும். நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிடலாம்: சர்வரை நிறுத்தாமலே ஒவ்வொரு மெஷினா அப்டேட் பண்றோமே, அதேதான். நாம இருபது வருஷமா பெருமையடிச்சுக்கறதை ஊர்வன இனம் முப்பது கோடி வருஷமா சத்தமில்லாம பண்ணிட்டிருக்கு.

இந்த ஒழுங்கு எப்படி வருதுங்கறதுக்கே ஒரு பழைய விவாதம் இருக்கு. கனடாவில் டொராண்டோ அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த கோர்டன் எட்மண்ட் 1960இல், தாடையோட முன்பக்கத்துல இருந்து பின்பக்கமா அலை அலையா ஒரு கட்டளை போகுது, அதுக்கு ஏத்த மாதிரி பல் முளைக்குதுன்னு சொன்னார். எழுபதுகளில் ஆஸ்பார்ன் அதை மறுத்தார். மேலிடத்துக் கட்டளை எல்லாம் ஒண்ணும் வேணாம். முளைக்கிற ஒவ்வொரு பல்லும் தன் பக்கத்துல இன்னொண்ணு உடனே முளைக்க விடாம தடுக்குது, அது போதும், அலை தானா உருவாகும்னார். தலைவர் இல்லாமலே வரிசை நிற்கிற கூட்டம். நம்ம ஊர் டவுன் பஸ்ல இதை எதிர்பார்க்காதீங்க.

எல்லாருக்கும் அப்படி இல்லை

ஊர்வனன்னாலே பல் முளைச்சுக்கிட்டே இருக்கும்னு முடிவு கட்டிடக் கூடாது. வேலியில தலையாட்டுற ஓணானை எடுத்துக்குங்க. அதோட பல் குழிக்குள்ள இல்லை. தாடையெலும்பின் விளிம்பு மேலேயே ஒட்டிக்கிட்டிருக்கு. முன்னாடி சிலது மட்டும் மாறும். மீதியெல்லாம் ஒரு தடவை வந்தா வந்ததுதான், தேய்ஞ்சுக்கிட்டே போகும். தாடை வளர வளர பின்னாடி புதுசு சேரும். அதே வீட்டுச் சுவத்துல இருக்கிற பல்லிக்கு மாத்திக்கிட்டே இருக்கும். வேலிக்கும் சுவத்துக்கும் நடுவுலேயே ரெண்டு கட்சி.

இந்த ஓணான் முறைக்கு ஒரு பிரம்மாண்டமான பழைய உதாரணம் நம்ம நாட்டுலேயே இருக்கு. இப்போதைய தெலங்கானாவில், பிராணஹிதா - கோதாவரிப் பள்ளத்தாக்கில் மாலேரி என்கிற இடத்துப் பாறை அடுக்கு. டிரையாசிக் காலம், இருபது கோடி வருஷத்துக்கும் மேல. அங்கே கிடைக்கிற ஹைபெரோடபெடான் ஒரு ரிங்கோசார். பன்னி சைஸுல, கிளி மூக்கு வச்ச ஒரு ஊர்வன. இங்கிலாந்தில் ஹக்ஸ்லி 1869லேயே மாலேரி எலும்புகளைப் பத்தி எழுதிட்டார். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் மஹாலனோபிஸ் ஆரம்பிச்சு வச்ச புவியியல் பிரிவு ஐம்பதுகளின் கடைசியில் இருந்து அந்தப் பள்ளத்தாக்கை அலசினது. அந்த மரபில் வந்த சங்கர் சாட்டர்ஜி 1974இல் இந்த விலங்கை விரிவா விவரிச்சார். (புள்ளியியல் நிறுவனத்துக்கு டைனோசர் எதுக்குன்னு கேட்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெரியவங்க அப்படித்தான்.)

ஹைபெரோடபெடானுக்கு மேல்தாடையில பல் வரிசை வரிசையா, அம்மி கொத்தினது மாதிரி இருக்கும். கீழ்த்தாடை கத்தி மாதிரி நடுவுல இருக்கிற பள்ளத்துல வந்து உட்காரும். பல் விழறது, கீழே இருந்து புதுசு வர்றதுன்னு எதுவும் கிடையாது. தாடை வளர வளர பின்பக்கம் புது வரிசை, முன்பக்கம் தேய்மானம். அதனால ஒரு தாடையை எடுத்துப் பார்த்தாலே அந்த விலங்கோட மொத்த வாழ்க்கையும் முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் எழுதி இருக்கும். நடுவுல எதையும் அழிக்காத டைரி.

இன்னும் பழசு, ராணிகஞ்ச் நிலக்கரிப் பக்கத்துப் பாஞ்செட் அடுக்கில் கிடைக்கிற லிஸ்ட்ரோசாரஸ். இது ஊர்வன கூட இல்லை, பாலூட்டிகளோட தூரத்துப் பெரியப்பா முறை. பல்லையெல்லாம் துறந்துட்டு ரெண்டே ரெண்டு தந்தத்தை மட்டும் வச்சுக்கிட்டுச்சு. அது விழாது, வளர்ந்துக்கிட்டே இருக்கும். இதே விலங்கு தென்னாப்பிரிக்காவிலும் அண்டார்டிகாவிலும் கிடைச்சதுதான், கண்டங்கள் எல்லாம் ஒண்ணா இருந்ததுக்கு வலுவான சாட்சிகளில் ஒண்ணாப் போச்சு. ரெண்டு பல்லு, மூணு கண்டம்.

சித்தப்பா, எனக்கு மட்டும் ஏன் ஒரு தடவை?

அண்ணன் பொண்ணுக்கு ஆறு வயசு. முதல் பால் பல் விழுந்தப்போ எங்க ஆயா வழக்கப்படி சாணியில வச்சு உருட்டி, கூரை மேல எறியச் சொன்னாங்க. மொட்டை மாடி வீட்டுல கூரைக்கு எங்கே போறது? தண்ணி டேங்க் மேல எறிஞ்சோம். அப்புறம் அவ கேட்டா: "சித்தப்பா, முதலைக்கு மட்டும் மறுபடி மறுபடி முளைக்குதே, எனக்கு மட்டும் ஏன் ஒரு தடவைதான்?"

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் மெல்லுறதுல இருக்கு. முதலை மெல்லாது, கவ்வும், பிய்க்கும், முழுங்கும். எந்தப் பல் இல்லேன்னாலும் பரவாயில்லை. நாம மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாப் பொருந்த அரைக்கிறவங்க. மேடு இருக்கிற இடத்துல பள்ளம் வரணும். வாரத்துக்கு ஒரு பல் மாறிக்கிட்டே இருந்தா அந்தப் பொருத்தம் வரவே வராது. அதனால பாலூட்டிகள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிச்சு: குட்டியா இருக்கும்போது பால் குடிச்சுக்கோ, பல் அவசரமில்லை, தாடை சின்னதா இருக்கிறப்போ ஒரு செட், வளர்ந்ததும் ஒரு செட், அவ்வளவுதான்.

இந்த ஒப்பந்தம் எப்போ கையெழுத்தாச்சுங்கறதுக்கும் சாட்சி பல்தான். பிரேசிலில் கிடைச்ச பிரேசிலோடான் என்கிற எலி சைஸு விலங்கு, வயசு சுமார் 22.5 கோடி வருஷம். குட்டியில இருந்து பெரிசு வரைக்கும் பல தாடைகளை வெட்டிப் பார்த்து, இதுக்கு ரெண்டே ரெண்டு செட் பல்தான்னு 2022இல் ஒரு குழு எழுதினாங்க. தண்ணி டேங்க் மேல கிடக்கிற அந்தக் குட்டிப் பல்லுக்கு அவ்வளவு நீளமான வம்சாவளி இருக்கு.

இதை அப்படியே அவகிட்ட சொன்னேன். "அப்போ நான் மெல்லாம முழுங்கினா?"ன்னு கேட்டா. அண்ணி முறைச்சதால விளக்கம் அத்தோட முடிஞ்சது.

பல்லை வச்சுப் பேர் வச்ச கதை

இப்போ ஒரு கணக்கு. பல்லுக்குள்ள தினம் ஒரு கோடு விழும், மரத்துல வருஷ வளையம் மாதிரி. ஃபான் எப்னர் கோடுகள்னு பேரு. பல்லை மெல்லிசா அறுத்து நுண்ணோக்கியில வச்சு எண்ணினா அந்தப் பல் எத்தனை நாள் வளர்ந்ததுன்னு தெரியும். வேலை செய்யற பல்லோட நாளில் இருந்து அடியில இருக்கிற பல்லோட நாளைக் கழிச்சா, எத்தனை நாளைக்கு ஒருக்கா மாறுதுன்னு வந்துடும். நேர முத்திரை போட்ட லாக் ஃபைலு!

இப்படி எண்ணித்தான், அமெரிக்காவின் நீளக் கழுத்து டிப்ளோடோகஸ் ஒவ்வொரு குழியிலும் சுமார் 35 நாளைக்கு ஒரு பல் மாத்துச்சுன்னு 2013இல் சொன்னாங்க. கேமராசாரஸுக்கு 62 நாள். மடகாஸ்கரின் ஊனுண்ணியான மஜுங்காசாரஸுக்கு 56 நாள்னு 2019இல் வந்தது. டைரனோசாரஸ் நிதானம், ரெண்டு வருஷத்துக்கு மேல.

56 நாள்னா ஒரு குழிக்கு வருஷத்துக்கு ஆறரைப் பல். வாயில அறுபது குழின்னு வைங்க, வருஷத்துக்கு 390 பல். இருபது வருஷம் வாழ்ந்தா 7800. ஒரே ஒரு விலங்கு! அதோட எலும்புக்கூடு ஒண்ணுதான். அதுவும் செத்த உடனே மண்ணு மூடினாத்தான் மிஞ்சும். பல்லோட எனாமல் உடம்புலேயே கெட்டியான பொருள், எடையில 96 சதம் கனிமம். ஆத்துல உருண்டாலும் தாங்கும். அதனாலதான் டைனோசர் வரலாற்றுல பாதி, செத்தவங்க விட்டுட்டுப் போன எலும்புல இல்லை, உயிரோட இருந்தவங்க துப்பிட்டுப் போன பல்லுல எழுதப்பட்டிருக்கு. வேர் கரைஞ்சு போன பல் கிடைச்சா அதுக்கு அர்த்தம், இந்த இடத்துல ஒரு விலங்கு செத்தது இல்லை. சாப்பிட்டது, பல்லை விட்டுட்டு நடந்து போயிடுச்சு.

ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். 1824இல் பக்லேண்ட் மெகலோசாரஸுக்குப் பேர் வைச்சப்போ கையில இருந்த முக்கியமான சாட்சி ஒரு தாடைத் துண்டு. அதுல வளர்ந்த பல்லும், பக்கத்துலேயே முளைச்சுக்கிட்டிருந்த புதுப் பல்லும் சேர்ந்து தெரிஞ்சது. அடுத்த வருஷம் மாண்டெல் இக்வானோடானுக்குப் பேர் வைச்சதே, இக்வானா ஓணானோட பல் மாதிரி இருந்ததாலதான்.

ஆனா பல்லை மட்டும் நம்பினா பள்ளத்துலயும் விழலாம். நம்ம நாட்டு உதாரணம்: நாக்பூர் பக்கத்துல கிடைச்ச ஒரு ஒற்றைப் பல்லுக்கு லைடெக்கர் 1890இல் மாஸோஸ்பாண்டிலஸ் ராவேசி என்று பேர் வைத்தார். மாஸோஸ்பாண்டிலஸ் தென்னாப்பிரிக்காவில் ஜுராசிக் காலத்தில் திரிஞ்ச விலங்கு. நாக்பூர்ப் பல்லோ கிரெட்டேசியஸ் கடைசி. நடுவுல பத்துக் கோடி வருஷத்துக்கும் மேல இடைவெளி. பின்னால வந்தவங்க பார்த்துட்டு, இது ஊனுண்ணி டைனோசரோட பல்லுப்பான்னு சொல்லிட்டாங்க. ஏன் இப்படி ஆகுதுன்னா, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடறவங்களுக்கு ஒரே மாதிரி பல் வந்துடுது. சொந்தக்காரங்களா இருக்கணும்னு அவசியமே இல்லை.

அரியலூர்: மூணு வழக்கு

இப்போ அரியலூருக்கு வரேன். இந்தப் பக்கத்துச் சிப்பிகளையும் நத்தைகளையும் 1840களிலேயே கே, கன்லிஃப் என்ற ரெண்டு பேர் சேகரிச்சு லண்டனுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்திய நிலவியல் ஆய்வகத்துக்காக ஊர் ஊராச் சுத்தி, உத்தட்டூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னு அடுக்குகளுக்குப் பேர் வச்சு 1862இல் அறிக்கை போட்டார். ஸ்டோலிச்கா அந்தச் சிப்பிகளை விவரிக்க ஒரு பத்து வருஷம் எடுத்துக்கிட்டார். 1929இல் மாட்லி, திருச்சி ஜில்லா டைனோசர்கள்னே தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினார்.

வழக்கு ஒண்ணு: திராவிடோசாரஸ். சிரிக்காதீங்க, நிஜமாவே அதான் பேரு. திராவிட நாட்டையும் பிளான்ஃபோர்டையும் சேர்த்து, திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. யாதகிரி, அய்யாசாமி என்ற நிலவியலாளர்கள் 1979இல் வைத்தது. முதுகுல தகடு வச்ச ஸ்டெகோசார் வகைன்னாங்க. தலையின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்பு, தகடுகள் எல்லாம் கிடைச்சதா விவரம். 1996இல் சாட்டர்ஜியும் ருத்ராவும், இது டைனோசரே இல்லை, கடல்ல நீந்தின பிளீசியோசாரோட எலும்புன்னு எழுதினாங்க. 2017இல் கால்டனும் அய்யாசாமியும், தலையும் தகடும் பிளீசியோசாருடையது இல்லை, மறுபடி விரிவா ஆராயணும்னாங்க. திராவிடம் என்றாலே வழக்கு இழுத்துக்கிட்டேதான் போகும் போல. (இதுக்கு மேல அரசியல் பேச மாட்டேன்.)

வழக்கு ரெண்டு: புருஹத்காயோசாரஸ். பெருத்த உடம்புக்காரன்னு அர்த்தம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில், டைனோசர் யுகம் முடியப்போற கடைசிக் காலத்து ஆற்றுப் படிவுல கிடைச்சது. அதே யாதகிரியும் அய்யாசாமியும் எண்பதுகளின் கடைசியில விவரிச்சது. மாட்லி நினைவா மாட்லேயின்னு பின்பேர். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். 2023இல் வந்த ஒரு மதிப்பீடு, எடை 110 டன்னுல இருந்து 170 டன் வரைக்கும் போகலாம்னு சொல்லுது. அது சரின்னா, தரையில நடந்ததுலேயே பெரிசு நம்ம அரியலூர்க்காரனா இருக்க வாய்ப்பு இருக்கு.

சிக்கல் என்னன்னா, அந்த எலும்பு இப்போ இல்லை. மழையும் களிமண்ணுமான இடத்துல எலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கி இருந்திருக்கு. பொதிஞ்சு எடுத்தும், ஆய்வகம் போய்ச் சேர்றதுக்குள்ள உதிர்ந்து போச்சுன்னு 2017 கட்டுரையில பதிவாச்சு. மிச்சம் இருக்கிறது படங்களும் அளவுகளும்தான். 2022இல் பாலும் அய்யாசாமியும் பழைய களப் படங்களை வெளியிட்டாங்க. அது எலும்பே இல்லை, கல்லான மரமோன்னு கேட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு அதுதான் பதில்.

இன்னொரு விஷயம் இருக்கு. முதல் விவரிப்புல இதை ஊனுண்ணி வகையில சேர்த்திருந்தாங்க. பின்னால வந்தவங்க, இது இலைதழை தின்னுற நீளக் கழுத்து வகைன்னு மாத்தினாங்க. ஆடா புலியாங்கறதுலேயே இவ்வளவு குழப்பம் ஏன்? கிடைச்ச எலும்புகள்ல ஒரு பல் கூட இல்லை. பல் இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்து வேலை: குச்சி மாதிரி இருந்தா தழை, ரம்பம் வச்ச கத்தியா இருந்தா கறி. மாசத்துக்கு ஒரு பல்லை மாத்துற கூட்டத்தைச் சேர்ந்த விலங்கு வாழ்நாள்ல எத்தனை ஆயிரம் பல்லை அந்த ஆத்தங்கரையில துப்பியிருக்கும்! அதுல ஒண்ணே ஒண்ணு பக்கத்துல கிடைச்சிருந்தா போதும்.

வழக்கு மூணு, அதே கல்லமேடு. இங்கே நிலைமை நேர் எதிர். எலும்பே இல்லை, ஒரே ஒரு பல். மண்ணை மூட்டை மூட்டையா எடுத்து, தண்ணியில கரைச்சு, சல்லடையில அலசி, மிச்சத்தைக் கண்ணாடி வச்சுப் பொறுக்குற முறை. அரிசியில கல் பொறுக்கற மாதிரி, ஆனா இங்கே கல்லுல அரிசியைத் தேடணும். அப்படிக் கிடைச்ச ஒரு சின்னப் பல்லை, அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழு 2013இல் வெளியிட்டாங்க. இது ட்ரூடோன்டிட் வகைன்னு அவங்க முடிவு: பறவைகளுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், பல்லோரத்துல கொக்கி மாதிரி பெரிய ரம்ப முனைகள். அதுவரைக்கும் வடக்குக் கண்டங்கள்ல மட்டுமே தெரிஞ்ச குடும்பம், தெற்குக் கண்டத்துல இருந்து பிரிஞ்சு தனியா மிதந்துக்கிட்டிருந்த இந்தியாவுல எப்படி? ஒரு பல் கேட்ட கேள்வி அது.

இதுல ஒரு வேடிக்கை. ட்ரூடான் என்கிற பேரே, 1856இல் ஜோசஃப் லெய்டி அமெரிக்காவில் கிடைச்ச ஒற்றைப் பல்லுக்கு வச்சது. முதல்ல பல்லி இனம்னு நினைச்சாங்க. ஒரு பல்லை நம்பி வச்ச பேர் செல்லுமான்னு இன்னைக்கும் விவாதம் நடக்குது. குடும்பத்துப் பேரே ஒரு பல்லை நம்பி, அதோட இந்தியக் கிளையும் ஒரு பல்லை நம்பி. நாக்பூர் கதையை நினைச்சுப் பார்த்தா, இன்னும் நாலு பல் கிடைக்கட்டும்னு காத்திருக்கறதுதான் நியாயம்னு எனக்குப் படுது.

அதே வருஷம் அதே குழுவின் இன்னொரு கட்டுரையில, கல்லமேட்டில் சிமோசூகஸ் மாதிரியான ஒரு முதலையினத்தோட தடயமும் பதிவாச்சு. மடகாஸ்கர்ல கிடைச்ச சிமோசூகஸோட பல்லைப் பார்த்தா நீங்களே சிரிப்பீங்க, அப்படியே கிராம்பு. ஆமா, பிரியாணியில போடற கிராம்புதான். முதலைக் குடும்பத்துல பிறந்துட்டு இலைதழை மேய்ஞ்ச ஜீவன். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிஞ்சு சுமார் 9 கோடி வருஷம் ஆச்சு. ஆனா பல்லு இன்னும் சொந்தம் கொண்டாடுது.

பல்லைத் தொலைச்சவங்க

கல்லமேட்டில் ஒரு ஆமையும் கிடைச்சது, குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் (2001). வாயில பல் இல்லை, அலகுதான். எல்லா ஆமைக்கும் அப்படியே. பறவைகளும் அதே முடிவுக்கு வேற வழியில வந்தவங்க. 1861இல் தெரியவந்த ஆர்க்கியோப்டெரிக்ஸுக்கு வாய் நிறையப் பல். இன்னைக்கு இருக்கிற எந்தப் பறவைக்கும் இல்லை. எனாமல் செய்யற மரபணுக்கள் பறவைகள்ல உடைஞ்ச நிலையில இன்னும் இருக்கு. அதை வச்சு, எனாமலைத் தொலைச்சது சுமார் 11.6 கோடி வருஷத்துக்கு முன்னாடின்னு 2014இல் கணிச்சாங்க. ஆனா செய்முறை முழுசா அழியலை. 2006இல் ஒரு மரபுப் பிறழ்வு கொண்ட கோழிக் கருவுல, முதலைக் குஞ்சுக்கு வர்ற மாதிரி கூம்புப் பல்லோட ஆரம்பம் தெரிஞ்சது. கமெண்ட் போட்டு ஒதுக்கி வச்ச பழைய கோடு மாதிரி உள்ளேயே கிடக்கு.

எங்க ஊர் மலை உச்சிக்கு மத்தியானத்துல பொங்கல் சாப்பிட வந்த ரெண்டு கழுகும் அந்த வம்சம்தான். மஞ்சள் மூக்கு, வெள்ளை உடம்பு. தொண்ணூறுகளுக்கு அப்புறம் வர்றதில்லை. "இன்னும் கழுகு வருதா?"ன்னு வெளியூர்க்காரங்க கேட்கறப்போ இல்லைன்னு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. அதுங்க ஒரு பல் கூட விட்டுட்டுப் போகலை. கண்ணால பார்த்த பெரியவங்க சொல்றதும், பழைய போட்டோக்களும்தான் மிச்சம்.

எதுக்கு இவ்வளவும்?

ஆபீஸ் நண்பர்களோட ஒரு தடவை காரை போயிருந்தேன். செக்கச் செவேல்னு மழை அரிச்ச மேடுகள். குனிஞ்ச இடத்துலயெல்லாம் ஏதோ ஒண்ணு. ஒரு நண்பர் அழகான அம்மோனைட் ஒண்ணை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். இப்போ அது அவரோட மேசையில பேப்பர் வெயிட். எந்த மேட்டுல, எந்த அடுக்குல எடுத்தோம்னு கேட்டேன். ஞாபகம் இல்லைன்னார். அந்த நிமிஷத்தோட அது வெறும் கல். நேரமும் இடமும் இல்லாத லாக் வரியை வச்சு எந்தப் பிழையையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவா வேணும்?

2020 அக்டோபர்ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல டைனோசர் முட்டை கிடைச்சதுன்னு வாட்ஸப் முழுக்க ஓடினது ஞாபகம் இருக்கும். உருண்டை உருண்டையாக் கல்லு. போய்ப் பார்த்த நிலவியலாளர்கள், முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுத்திப் படிவு சேர்ந்து உருண்ட கல்லுன்னு சொல்லிட்டாங்க. முட்டைன்னதும் ஓடின கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட, அம்மோனைட்டுன்னதும் நிற்கலை.

நம்ம மண்ணோட பெரிய கதைகள் ரெண்டு வகையா இருக்கு. 2 மீட்டர் எலும்பு கையில கிடைச்சும் தூளாப் போனது. விலங்கே வேணாம்னு துப்பின ஒரு பல், ஆறு கோடி வருஷத்துக்கும் மேல தாக்குப்பிடிச்சு, சல்லடையில மாட்டினது. முதல் கதைக்கு இப்போ நாம ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டாவது கதைக்குப் பண்ணலாம். ஒவ்வொரு மழைக்கும் அந்த மேடுகள்ல புதுசா ஏதோ வெளியே வருது. அடுத்த மழைக்குள்ள அது அடிச்சுக்கிட்டும் போகுது. இன்னும் நாலு ட்ரூடோன்டிட் பல்லோ, பெருத்த உடம்புக்காரனோட ஒரே ஒரு பல்லோ அங்கே இருந்தா, அதை முதல்ல பார்க்கப்போறது டெல்லியிலயோ லண்டன்லயோ இருக்கற பேராசிரியர் இல்லை. ஆடு மேய்க்கிறவங்க, உழுறவங்க, சுண்ணாம்புக் குவாரியில வேலை பார்க்கறவங்க, ஞாயித்துக்கிழமை பைக்ல போற நம்மள மாதிரி ஆளுங்க.

அதனால அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போற பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது கண்ணுல பட்டா தொடாதீங்க. பக்கத்துல ஒரு ரூபாய்க் காசை வச்சுப் போட்டோ எடுங்க. செல்போன்ல இடத்தைக் குறிச்சுக்குங்க. இந்திய நிலவியல் ஆய்வகத்துக்கோ, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்கோ எழுதிப் போடுங்க. பதில் வர நாளாகலாம். பத்துக் கல்லுல ஒன்பது, வெறும் கல்லாவே இருக்கலாம். பரவாயில்லை. பல்லு மாதிரி தெரிஞ்சா மட்டும் அடியில ஒரு தடவை பாருங்க. வேர் இல்லேன்னா, அது உயிரோட இருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு, அந்தப் பக்கமா நடந்து போயிருக்கு.